வேலை போனபின் வந்த வரி

உலகத்திலே அழையாமல் வருவன சில உண்டு. மழை அழையாமல் வருகிறது. காய்ச்சல் அழையாமல் வருகிறது. உறவினர் சிலரும் அழையாமலே வருகின்றனர். இவற்றோடு சேர்த்து எண்ணத்தக்க மற்றொன்று வரிக் கடிதம். கையிலே பணம் புழங்கும் காலத்தில் அது வந்தால் முகத்தைச் சற்றுச் சுளித்துக்கொண்டாவது செலுத்திவிடலாம். உத்தியோகம் கைவிட்டுப் போய், வீட்டிலே அரிசிப் பானையின் அடி தெரியத் தொடங்கிய வேளையில் அது வந்து சேருமாயின் யாது செய்வது? அந்த அனுபவம் எமக்கு நேர்ந்தது. அதனை எடுத்துரைப்பதால் மற்றொரு குடும்பத்துக்கேனும் பயன் விளையும் என்ற நம்பிக்கையினாலேயே இதனை எழுதத் துணிந்தோம்.

எமது ஊர் முள்ளியவளை. வைகாசி மாதத்திலே வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கலுக்கு முன்னர், கடல்நீர் எடுத்துவந்து காட்டா விநாயகர் ஆலயத்திலே விளக்கெரிக்கும் ஊர் என்றால் வாசகர் பலரும் அறிவர். நெல்லும் கச்சானும் விளையும் மண். போரின் இறுதிக் கட்டத்திலே ஊர் முழுவதும் இடம்பெயர்ந்தது. பின்னர் திரும்பி வந்து, தகரக் கொட்டில்களிலிருந்து வாழ்க்கையை மறுபடி தொடங்கிய குடும்பங்களிலே எமதும் ஒன்று.

இரண்டு சம்பளமும் ஒரு சட்டமும்

எமது தொழில் கணினி கற்பித்தல். 2023 ஏப்பிரல் தொடக்கம் 2024 மார்ச் முடியும்வரை இரண்டு இடங்களிலே ஒப்பந்த அடிப்படையிற் கற்பித்து வந்தோம். ஓரிடத்திலே மாதம் 90,000 ரூபா. மற்றோரிடத்திலே 85,000 ரூபா. இரண்டும் வெளியுதவியினால் நடைபெற்ற திட்டங்கள். உதவி நின்றது, திட்டங்கள் நின்றன, ஒரே மாதத்திலே இரண்டு வேலைகளும் நின்றன. வன்னியிலே இது புதுமையன்று. போருக்குப் பிந்திய ஆண்டுகளிலே வந்த திட்டங்கள் பல, வந்தவாறே திரும்பிப் போயின.

அந்த ஆண்டிலே வரிச்சட்டம் இவ்வாறு இருந்தது. நிரந்தர ஊழியர் அல்லாத ஒருவருக்குச் சேவைக் கட்டணமாக மாதம் 1,00,000 ரூபாவுக்கு மேல் வழங்குவோர், அதில் நூற்றுக்கு 5 வீதத்தை நிறுத்திவைத்து அரசாங்கத்துக்குச் செலுத்த வேண்டும். எமக்குச் சம்பளம் தந்த இரண்டு இடங்களும் அந்த எல்லைக்கு உட்பட்டே தந்தன. ஆகவே எவரும் எதனையும் பிடிக்கவில்லை. பிடிக்கவேண்டிய கடமையும் அவர்களுக்கு இருக்கவில்லை. ஆனால் இரண்டையும் கூட்டினால் ஆண்டு வருமானம் 21,00,000 ரூபா. தனிமனிதருக்கு அப்போது வரிவிலக்கு 12,00,000 ரூபா மாத்திரமே. எஞ்சிய 9,00,000 ரூபாவிலே முதல் ஐந்து இலட்சத்துக்கு 6 வீதம், 30,000 ரூபா. அடுத்த நான்கு இலட்சத்துக்கு 12 வீதம், 48,000 ரூபா. மொத்தம் 78,000 ரூபா. இவ்வாறு, தனித்தனியே பார்க்கையில் வரியற்றதாகத் தோன்றிய இரண்டு சம்பளங்கள், ஒன்றாய்ச் சேர்ந்தபோது வரிக்கு உரியனவாயின.

இதிலே இன்னொரு சங்கடமும் உண்டு. 2020 ஆம் ஆண்டிலே வரிவிலக்கு 30 இலட்சமாக உயர்த்தப்பட்டிருந்தது. 2022 ஏப்பிரலிலே வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்த இயலாதென்று இலங்கை அறிவித்தது. அந்தப் பொருளாதார வீழ்ச்சியின் பயனாக, 2023 சனவரி முதல் அவ்விலக்கு 12 இலட்சமாகக் குறைக்கப்பட்டது. பின்னர் 2025 ஏப்பிரல் முதல் 18 இலட்சமாக உயர்த்தப்பட்டது. முதல் வரிப்படியும் பத்து இலட்சமாக அகன்றது. ஆகவே 21 இலட்சம் ஈட்டிய ஒருவர், 2021 இல் ஈட்டியிருந்தால் வரி ஒன்றுமில்லை. 2023 இல் ஈட்டியிருந்தால் 78,000 ரூபா. 2025 ஏப்பிரலின் பின் ஈட்டியிருந்தால் 18,000 ரூபா. உழைப்பு ஒன்றே, காலந்தான் வேறு. சோதிடர்கள் பிறந்த நேரத்தைக் கேட்கின்றனர். வரிச்சட்டம் சம்பாதித்த நேரத்தைக் கேட்கிறது!

கடிதம் வந்தது

2025 தை மாதத்திலே மதிப்பீட்டு அறிவித்தல் ஒன்று வந்தது. அதிலே கண்ட தொகை 78,000 அன்று, 1,26,000 ரூபா. அப்போது வேலை இழந்து பத்து மாதங்கள் கழிந்திருந்தன. கணினி பழுதுபார்த்தும், பிள்ளைகள் சிலருக்கு மாலையிலே பாடஞ்சொல்லியும், வீட்டுக் காணியிலே கச்சான் போட்டும் நாட்களைத் தள்ளிக்கொண்டிருந்தோம். மகன் யாழ்ப்பாணத்திலே பல்கலைக்கழக மாணவன். மாதந்தோறும் அவனுக்கு அனுப்பவேண்டிய பணமே பெரும் மலையாக இருந்தது.

கடிதத்தின் செய்தி எப்படியோ அவன் காதுக்கு எட்டிவிட்டது. சனிக்கிழமை வீட்டுக்கு வந்தவன், "அப்பா, நான் ஒரு வருஷம் படிப்பை நிப்பாட்டிப்போட்டுக் கொழும்புக்கு வேலைக்குப் போறன்" என்றான். அவனுடைய தாயார் அடுப்படியிலிருந்து வெளியே வந்தாள். இடம்பெயர்ந்த காலத்திலே மரத்தடிகளில் இருத்தி அவனுக்கு எழுத்தறிவித்தவள் அவள். "காப்பு ரெண்டும் இருக்கு. அதை அடைவு வைக்கலாம். படிப்பை அடைவு வைக்கேலாது" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அதன்பின் அந்தப் பேச்சு எமது வீட்டிலே எழவில்லை.

அயலிலே, கச்சேரியில் எழுதுவினைஞராகக் கடமையாற்றி இளைப்பாறிய பெரியவர் ஒருவர் இருக்கிறார். கடிதத்தை அவரிடம் கொண்டுபோனோம். கண்ணாடியைத் துடைத்து அணிந்துகொண்டு, இரண்டு முறை வாசித்தார். "தம்பி, தொகையைப் பார்த்துப் பயப்படாதையும். முதலிலை திகதியைப் பாரும். பிறகு கணக்கைப் பாரும். காசைப் பற்றிக் கடைசியிலை யோசிப்பம்" என்றார். அவர் சொன்ன ஒழுங்கிலே மிகுந்த ஞானம் இருந்தமை பின்னரே புலனாயிற்று.

திகதியைப் பார்த்தோம். மதிப்பீட்டை மீளாய்வு செய்யுமாறு கோருவதற்குச் சட்டம் 30 நாட்கள் தருகிறது. அந்தக் கோரிக்கை எழுத்திலே, காரணங்களுடன் இருத்தல் வேண்டும். கடிதம் எழுதப்பட்ட நாளிலிருந்து எமது கைக்கு வரும்வரை சில நாட்கள் ஏற்கெனவே போய்விட்டன.

கணக்கைப் பார்த்தோம். எமது வருமானம் 24,00,000 ரூபா என்று அதிலே கண்டிருந்தது. அந்த மூன்று இலட்சம் எங்கிருந்து வந்தது? ஒரு திட்டத்துக்காக நாம் துணுக்காய், ஒட்டுசுட்டான், புதுக்குடியிருப்பு ஆகிய இடங்களுக்குப் போய்வந்த வாகனச் செலவும் தங்குமிடச் செலவும் சம்பளத்தோடு சேர்த்தே வங்கிக்கு அனுப்பப்பட்டிருந்தன. அவையும் வருமானமாக எண்ணப்பட்டுவிட்டன. தொழிலின்பொருட்டுச் செய்த செலவு வருமானத்திலிருந்து கழிக்கத்தக்கது. ஆயினும் அது செலவு என்பதைக் காட்ட வேண்டியவர் நாமே. மூன்று இலட்சம் கூடியதனால் வரி 48,000 ரூபாவால் உயர்ந்து, மேலுள்ள 2,00,000 ரூபா 18 வீதப் படிக்குள் ஏறியிருந்தது.

பொலித்தீன் பையின் பெருமை

இங்கேதான் வன்னி மக்களின் ஒரு வழக்கம் எமக்குத் துணைநின்றது. 2009 இல் ஒவ்வோர் இடமாகப் பெயர்ந்து சென்றபோது, பிறப்புச் சான்றிதழையும் காணி உறுதியையும் இழந்த குடும்பங்கள் எத்தனை! முகாமிலிருந்து வெளிவந்தபின், தாம் யார் என்பதையே தாளினால் நிரூபிக்கவேண்டிய நிலை. அந்த நாட்களைக் கண்டவர்கள் ஒரு துண்டுக் கடதாசியையும் எறியமாட்டார்கள். எமது வீட்டிலே கட்டிலின் கீழ் ஒரு தகரப் பெட்டி. அதற்குள்ளே பொலித்தீன் பைகள். ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒவ்வொரு பை. வாகனக்காரர் எழுதித்தந்த பற்றுச்சீட்டு, தங்குமிடப் பற்றுச்சீட்டு, திட்ட அலுவலகம் ஒப்பமிட்ட பயண விபரம் யாவும் அங்கே கிடந்தன.

மூன்று இரவுகள் அவற்றைத் திகதி ஒழுங்கிலே அடுக்கினோம். பெரியவர் கோரிக்கைக் கடிதத்தை ஆக்கித்தந்தார். நீண்ட முறையீடு எழுதவேண்டும் என்று எமக்குத் தோன்றியது: போர், இடம்பெயர்வு, வேலையிழப்பு என யாவற்றையும். அவர் அவை அனைத்தையும் வெட்டிவிட்டார். "துன்பத்தை மனிசருக்குச் சொல்லும், கணக்கைக் கந்தோருக்குச் சொல்லும்" என்றார். ஒரே பக்கக் கடிதம். வருமானம் இவ்வளவு, செலவு இவ்வளவு, சான்றுகள் இத்தனை. பிரதி ஒன்றிலே பெற்றுக்கொண்டமைக்கான முத்திரையையும் திகதியையும் வாங்கிவந்தோம்.

இரண்டு மாதங்களுக்கு மேல் மறுமொழி இல்லை. ஒவ்வொரு நாளும் தபாற்காரரின் மிதிவண்டி மணி கேட்கும்போது நெஞ்சு ஒருமுறை நின்று பின் அடித்துக்கொண்டது. ஈற்றிலே திருத்திய அறிவித்தல் வந்தது. வரி 78,000 ரூபா. அதன்மேல் காலந்தாழ்த்தியமைக்கான வட்டி. அடுத்து, தவணை முறையிலே செலுத்த அனுமதி கேட்டோம். தகுந்த காரணம் காட்டி எழுத்திலே விண்ணப்பிப்போருக்குக் கால நீட்டிப்போ தவணையோ வழங்கச் சட்டத்திலே இடமுண்டு. ஆறு தவணைகள் கிடைத்தன.

முதலாந் தவணை கச்சானிலிருந்து பிறந்தது. வற்றாப்பளைப் பொங்கலுக்கு வரும் சனத்திரள் வீடு திரும்பும்போது கச்சான் வாங்காமற் போவதில்லை. மாசியிலே கிண்டி உலர்த்தி வைத்திருந்ததை வறுத்துப் பொட்டலங்கட்டி விற்றோம். இரண்டாந் தவணைக்குக் காப்பு ஒன்று வங்கிக்குப் போயிற்று. மற்றது வீட்டிலேயே தங்கிவிட்டது. ஏனையவை மாலைப் பாடங்களினால் நிறைவெய்தின. மகன் தன் படிப்பைத் தொடர்கிறான்.

யானையும் வயலும்

புறநானூற்றின் 184 ஆம் பாட்டிலே பிசிராந்தையார் என்னும் புலவர் பாண்டியன் அறிவுடைநம்பிக்கு ஓர் உண்மையை உணர்த்துகிறார். விளைந்த நெல்லை அறுத்துக் கவளமாக ஊட்டினால் சிறிய நிலமும் யானைக்குப் பல நாட்களுக்கு உணவளிக்கும். அந்த யானையே வயலுக்குள் புகுந்தால், அது உண்பதைவிடக் காலில் மிதிபட்டு அழிவதே அதிகம் என்பது அதன் பொருள். நகரத்து மாணவர்க்கு இது உவமை. எமது பகுதி வேளாளருக்கோ இது கண்கூடு. இரவிலே யானை புகுந்த வயலை விடியற்காலையிலே பார்த்தவர்கள் இப்பாட்டுக்கு உரை தேடவேண்டியதில்லை.

வரி எவ்வளவு என்பதைப் பற்றி மாத்திரம் அப்புலவர் பேசவில்லை. வாங்கும் முறையையும் பேசினார் என்றே நாம் கருதுகின்றோம். மேனாட்டு அறிஞர் அடம் சிமித் 1776 இல் வெளியிட்ட நூலிலே நல்ல வரிக்கு நான்கு இலக்கணங்கள் கூறினார். அவற்றுள் ஒன்று, செலுத்துவோனுக்கு வசதியான காலத்திலே, வசதியான முறையிலே வரி அறவிடப்பட வேண்டும் என்பது. எமது இடர் முழுவதும் இந்த ஓர் இலக்கணத்துள் அடங்கிவிடுகிறது. 78,000 ரூபா நியாயமான தொகையே. மாதம் 6,500 ரூபாவாகச் சம்பளத்திலே பிடிக்கப்பட்டிருந்தால் வலி தெரிந்திராது. சம்பளம் நின்றபின் ஒன்றாகக் கேட்கப்பட்டபோதுதான் அது யானையின் கால் ஆயிற்று.

காலம் தப்பிய வரி என்ன செய்யும் என்பதற்கு எமது நாட்டு வரலாற்றிலேயே சான்று உண்டு. பழைய நெல்வரி விளைச்சலிலே ஒரு பங்கு. விளைவு குறைந்தால் வரியும் குறையும். 1878 ஆம் ஆண்டின் சட்டம் அதனைக் காசாகச் செலுத்தும் நிலையான கடமையாக மாற்றியது. அக்காலத்திலே மலைநாட்டுக் கோப்பிச் செடிகளை இலைநோய் அழித்துக்கொண்டிருந்தது. கோப்பியினாற் கைக்கு வந்த காசு நின்றது; காசாகக் கேட்ட வரி நிற்கவில்லை. 1880 களிலே நுவரெலியாப் பகுதியிலே, முக்கியமாக வலப்பனையிலே, நிலுவைக்காக வயல்கள் ஏலத்தில் விற்கப்பட்டன. குடும்பங்கள் நிலமிழந்து பட்டினியால் மாண்டன. அங்கே உதவி அரசாங்க அதிபராக இருந்த லெ மெசூரியர் என்னும் ஆங்கிலேயரே இதனை வெளிப்படுத்தினார். பெரும் வாதங்களின் பின் 1892 இல் நெல்வரி நீக்கப்பட்டது. வருமானவரி இந்நாட்டுக்கு வந்தது 1932 இல். வருமானம் உள்ளவனிடமே வாங்குவது என்னும் அளவிலே அது முன்னையதைவிடச் சிறந்த வரி என்பதில் ஐயமில்லை. எனினும் வருமானம் இருந்த காலத்துக்கும் வரி கேட்கும் காலத்துக்கும் இடையிலே ஒரு பள்ளம் எஞ்சிவிட்டது.

அப்பள்ளத்தைப் பிற நாட்டாரும் கண்டிருக்கின்றனர். இரண்டாவது உலகப்போரின்போது அமெரிக்காவிலே, நல்ல சம்பளம் பெற்ற இளைஞர்கள் படையிற் சேர்ந்து சொற்பப் படிப்பணம் பெறத் தொடங்கியதும், முன்னாண்டு வருமானத்துக்குரிய வரி அவர்களைத் துரத்தியது. இத்தகைய இடர்களைக் கண்டும், போருக்குப் பெரும் பணம் தேவைப்பட்டமையாலும், 1943 இல் சம்பளத்திலேயே வரி பிடிக்கும் முறை அங்கே சட்டமாயிற்று. பிரித்தானியாவிலும் 1944 இல் அத்தகைய முறை நடைமுறைக்கு வந்தது. உழைக்கும்போதே செலுத்துவது என்னும் அந்தத் தத்துவம், மாதச் சம்பளக்காரரைக் காக்கிறது. ஒப்பந்தத்திலே ஆறு மாதம் இங்கும் ஆறு மாதம் அங்கும் உழைப்போரை அது முழுவதும் சென்றடையவில்லை. இன்றைய இளைஞர்களிலே பலர் உழைப்பது அவ்வாறே என்பதை எண்ணும்போது, இது எமது வீட்டு விஷயம் மாத்திரமன்று என்பது விளங்கும்.

இளைஞருக்குச் சில சொற்கள்

ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களிலே உழைப்போர், எல்லாவற்றையும் ஒன்றாகக் கூட்டிப் பார்த்தல் வேண்டும். இங்கே வரியாண்டு ஏப்பிரல் 1 இல் தொடங்கி அடுத்த மார்ச் 31 இல் முடிகிறது. சம்பளத்திலே வரி பிடிக்கப்படாதவர்கள் ஆகத்து, நவம்பர், பெப்புருவரி, மே மாதங்களின் 15 ஆம் நாட்களிலே தவணையாகவும், எஞ்சியதைச் செத்தெம்பர் 30 இலும் செலுத்தவேண்டும். வருமான விபரத்தை நவம்பர் 30 க்கு முன் ஒப்படைக்க வேண்டும். பணம் வரும் மாதத்திலேயே வரிக்குரிய பங்கை வேறொரு கணக்கிலே போட்டுவிடுவது நிம்மதி தரும்.

சம்பளமும் செலவுப்பணமும் ஒன்றாக வந்தால், எது எவ்வளவு என்பதை எழுத்திலே கேட்டு வாங்கிவைத்தல் நன்று. வேலை இல்லாத காலத்திலே வங்கி வட்டியை நம்பியிருக்கும் முதியோரும் ஒன்றை அறிந்திருக்க வேண்டும். 2025 ஏப்பிரல் முதல் வட்டியிலே 10 வீதம் பிடிக்கப்படுகிறது. ஆனால் ஆண்டு வருமானம் 18 இலட்சத்துக்கு மேற்படாதவர்கள், வரி இலக்கத்தைப் பெற்று வங்கிக்கு உறுதிமொழிப் பத்திரம் கொடுத்தால் அவ்வாறு பிடிக்கப்படாது.

கடிதம் வந்தால் அதனை ஒளித்துவைப்பது பெருந்தீங்கு. வட்டி தூங்குவதில்லை. அதனைக் கண்டு வெட்கப்படுவதும் வேண்டாதது. வேலை இழப்பது குற்றமன்று. வரி கேட்கப்படுவதும் அவமானமன்று. எங்கள் ஊர் இளைஞர் இருவர் இத்தகைய கடிதங்களை மாதக்கணக்காக மறைத்துவைத்திருந்தனர். எமது கதையைக் கேட்டபின்னரே வெளியே எடுத்தனர். இப்போது ஞாயிறு மாலைகளிலே பெரியவரின் திண்ணையிலே சிறு கூட்டம் ஒன்று கூடுகிறது. அவர் கண்ணாடியைத் துடைக்கிறார். நாம் பற்றுச்சீட்டுக்களை அடுக்குகின்றோம்.

வரியே வேண்டாம் என்று சொல்பவர்கள் அல்லோம் நாம். எமது மகன் கற்ற பாடசாலையும், அவன் இப்போது கற்கும் பல்கலைக்கழகமும் கட்டணமின்றிக் கல்வி தருவது எவரோ செலுத்திய வரியினாலேயே. வேலையற்றவன் வரி செலுத்துவதில்லை என்று எண்ணுவதும் பிழை. 2024 சனவரி முதல் 18 வீதமாக உயர்ந்த பெறுமதி சேர் வரியை, கடையிலே பொருள் வாங்கும் ஒவ்வொரு முறையும் அவன் செலுத்திக்கொண்டே இருக்கிறான். ஆகையால் அரசாங்கத்திடம் அவன் கேட்பது சலுகையன்று; முறையான காலமும், விளங்கும் மொழியிலே எழுதிய கணக்கும், தன் பக்கத்தைச் சொல்ல ஒரு வாய்ப்புமே. கேட்கத் தெரிந்தவர்க்கு இவற்றுள் சில இன்றும் கிடைக்கின்றன என்பதை நாம் கண்டோம். கேட்கத் தெரியாதவர்க்கும் அவை கிடைக்கும் நாளே நல்ல நாள்.